ஆசிட் தின்ற நீலம்

ஜூன், திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. துணியைச் சட்டத்தில் அடித்தாயிற்று: பாலராமபுரம் கைத்தறி, கதவளவு. நீலப்பொடியைக் கஞ்சிப் பசையில் குழைத்து இரண்டு பூச்சு. இனி அதன்மேல் ரப்பர் பாலைக் கோடு கோடாக ஊற்ற வேண்டும், மேலே கறுப்பு, பிறகு பாலை உரித்தால் நீலக் கோடுகள். சின்னத் துணியில் இப்படிச் செய்ததன் போட்டோவைப் பார்த்துத்தான் திருவனந்தபுரம் கண்காட்சியில் என்னைச் சேர்த்தார்கள். பெரிதாக வேண்டுமாம். படத்தை எடுக்க வியாழன் காலை வண்டி வரும். நாற்பது தாண்டி முதல் கண்காட்சி. ஏழாம் வகுப்பு டிராயிங் நோட்டு திருத்தவில்லை.

செவ்வாய்
எங்கள் ரப்பர் மரத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் கட்டியிருப்பதால் மழையிலும் பால் உண்டு. காலையிலேயே ஊற்றிவிட்டேன். சாயங்காலமாகியும் உறையவில்லை. விசிறிக்குக் கீழேயும் பிசுபிசுப்பு. எனக்கா பொறுமை? ரப்பர் ஷீட் அடிக்க, பால் உறைவதற்காக விடுகிற ஆசிட் இருக்கிறதே! வீட்டுக்காரர் கடைக்குப் போன நேரம் தண்ணீர் கலந்து தெளித்தேன். உறைந்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு கறுப்பை ஊற்றினேன். அழுகின முட்டை நாற்றம். சாக்கடை என்று நினைத்தேன்.

புதன்
உரித்தேன். நீலம் இல்லை. கோடெல்லாம் சாம்பல் வெள்ளை. போனில் தேடினால், இந்த நீலத்துக்கு ஆசிட் ஆகவே ஆகாதாம்; பட்டால் நிறம் போய் அந்த முட்டை நாற்றம்தான் மிஞ்சுமாம். நல்ல நேரத்தில் தெரிந்தது.
வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "எட்டி, கோட்டுல நீலத்த வச்சித் தேச்சா போராதா? ஆருக்குத் தெரியும்?" என்றார். ஒரு கோட்டில் தேய்த்தேன். கடை போர்டு மாதிரி. துடைத்தேன். குளிமுறியில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.
கண்காட்சிப் பொறுப்பில் இருக்கும் அம்மாவுக்குப் போட்டோ அனுப்பி, நடந்ததைச் சொன்னேன். தன்மையாகத்தான் பேசினார். நீலத்துக்காகத்தான் என்னை எடுத்தார்களாம், இது வேறு படமாம், இடமில்லை.

வியாழன்
என் படம் இல்லாமலே வண்டி திருவனந்தபுரம் வழியில் உதியன்குளங்கரை தாண்டியிருக்கும். போகட்டும். பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன்.
படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். மறுபடி திருப்பினேன். கறுப்பு படாத ஓரத்தில் ஆசிட் தானாக வழிந்த இடம்: நீலம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து வெள்ளையாகிறது. இத்தனை வருடம் எந்த பிரஷ்ஷிலும் எனக்கு வராதது.
மிச்சக் கைத்தறியில் நீலம் பூசினேன். பால் வேண்டாம், கறுப்பு வேண்டாம். தென்னை ஈர்க்குச்சியை ஆசிட்டில் தொட்டு இழுக்கிறேன். அதே நாற்றம்.
வாசலில் வீட்டுக்காரர். "ஆசிட் எங்க? பால் உறைய வைக்கண்டாமா?"
தரமாட்டேன் என்றேன். பாதித் துணி இன்னும் நீலமாகவே கிடக்கிறது.