கடல் தெரியும் ஜன்னல்

ஊரப்பாக்கம்
20.11.1997

அன்பு மகன் ஜெபாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், உன் சுகத்தைத்தான் தினமும் ஜெபத்தில் கேட்கிறேன். போனில் உன் குரல் கம்மியிருந்தது, அந்த ஏசிக்கு நேராகப் படுக்காதே, வெந்நீர் குடி.

மழை பிடித்ததும், பாலாறு கடலில் விழுகிற இடத்தில் நீ பார்த்துவைத்த மனைக்குப் போனோம். மே மாத லீவில் வந்தபோது குச்சி நட்டு, இது ஹால், இது அம்மாவின் அடுப்படி, ஜன்னலைத் திறந்தால் கடல் என்று காட்டினாயே, அதேதான். போய்ப் பார்த்தால் மனையைக் காணோம்! கடல் தள்ளிய மணல் ஆற்றின் வாயை அடைத்திருக்கிறது, வந்த தண்ணீர் போக வழியில்லாமல் பின்னால் பரவி நிற்கிறது, உன் குச்சிகளின் தலை மட்டும் தெரிகிறது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து என் அடுப்படியில் போய் நின்றார். காலைச் சுற்றி மடவை மீன் குஞ்சுகள் ஓடின. குழம்பில் கிடக்க வேண்டியது இங்கே நீந்துகிறதே என்று முதலில் சிரித்தேன், பிறகு அழுகை வந்துவிட்டது. கூட வந்த புரோக்கர் கோதண்டராமன், மீன்காரர்கள் மணலை வெட்டிவிட்டால் உடனே வடிந்துவிடும் என்றார். வடியும்தான். மறுபடி அடைக்கும், மறுபடி வெட்டுவார்கள், சில வருஷம் ஆறே வேறு பக்கம் உடைத்துக்கொண்டு போகுமாம். நமக்குத் தெரிந்ததெல்லாம் ஏரித் தண்ணீர், மதகை மூடினால் நிற்கும், திறந்தால் போகும். வெயிலில் பார்த்துவிட்டு இதையும் தரை என்று நம்பிவிட்டோம்.

பஸ்ஸில் அப்பா ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும், "புள்ள ஆசப்பட்டு கேட்டுகினு கீறான், வாணாம்னு எழுதிடாத, மனசு ஒடஞ்சிடும்" என்றார். கிறிஸ்துமஸுக்குள் கையெழுத்துப் போடுவாராம். பைத்தியக்கார மனுஷன், உனக்காகத் தண்ணீரிலும் குடியிருப்பார். நான் அப்படியில்லை, அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அந்த மனை வேண்டாம்டா கண்ணு. நீ பாலைவனத்தில் வெந்து சம்பாதித்ததை ஆறு கொண்டுபோக விடமாட்டேன். நீயே போன் பண்ணி வேண்டாம் என்று அவரிடம் சொல், என்னை மாட்டிவிடாதே.

எனக்கு ஜன்னல் ஆசை இல்லை என்று நினைக்காதே. நேற்று இங்கே நம் அடுப்படிச் சுவரில் அப்பாவைச் சாக்பீஸால் கோடு போடச் சொன்னேன், இங்கே ஒன்று வைத்தால் போதும் என்று. போட்டுவிட்டு, "இங்கேர்ந்து இன்னாத்த பாக்கப் போற?" என்று கேட்டார். கடல் தெரியாது, ஸ்டேஷனிலிருந்து பிள்ளை நடந்து வருகிற வழி தெரியும் என்றேன். மனுஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. லீவு கிடைத்தால் இந்தத் தடவை மழையில் வா.

உன் அம்மா
ஞா. ரெபேக்காள்