ஐந்தேகாலுக்குப் பிறகு நீ திருத்திய கமாக்கள்

என் தெய்வாக் கண்ணுக்கு,

காய்ச்சல் என்று மூன்று நாள் லீவு போட்டுப் போனவள் நீ. திரும்பி வரவேயில்லை. நீ கண்ணை மூடி நாலு மாசம் ஆகிவிட்டது. இத்தனை நாள் உனக்கு எழுதத் தோன்றவில்லை, அழவே நேரம் சரியாக இருந்தது. இன்று எழுதுவது அழுகையால் இல்லை, அதிர்ச்சியால். கொஞ்சம் கோபத்தாலும் என்று சேர்த்துக்கொள். ஒரு வாரமாகியும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஹெப்பாளில் நம் ஆபீஸ் அப்படியேதான் இருக்கிறது. வெளிநாட்டுப் பதிப்பகங்களின் பாடப்புத்தகங்கள் வருகின்றன, நாம் ஆங்கிலத்தைத் திருத்தி அனுப்புகிறோம். நான் முதல் பார்வை, நீ இரண்டாம் பார்வை என்று ஒன்பது வருஷம் ஓட்டினோமே, உன் நாற்காலியில் இப்போது பவித்ரா என்று மண்டியாவிலிருந்து வந்த ஒரு கன்னடப் பெண். தமிழ் புரியும், பேச வராது. அடக்கமானவள். உன் அளவுக்கு வாயாடி இல்லை.

போன செவ்வாய்க்கிழமை அவள் என் கோப்பைத் திருப்பி அனுப்பினாள். நர்ஸிங் படிப்பவர்களுக்கான புத்தகத்தில் ஒரே ஒரு அத்தியாயம். அதில் முப்பத்தெட்டுத் திருத்தம். ஆபீஸே 'கமா அக்கா' என்று கூப்பிடுகிற எனக்கு முப்பத்தெட்டுத் திருத்தம், தெய்வா. முக்கால்வாசி, 'ஹூ', 'விச்' என்று தொடங்கும் துண்டுகளைச் சுற்றி நான் போட்ட கமாக்கள்.

உனக்குத் தெரியாததா? ஆனாலும் இதை வேறு யாராவது படித்தால் புரியட்டும். 'ஹனூரில் இருக்கும் என் தம்பி வந்தான்' என்று நாம் தமிழில் சொன்னால், தம்பி ஒருவனா நாலு பேரா என்று அந்த வாக்கியம் சொல்லாது. யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஆங்கிலத்தில் அப்படி விட மாட்டார்கள். 'ஹனூரில் இருக்கும்' என்ற துண்டுக்கு இரண்டு பக்கமும் கமா போட்டால் தம்பி ஒருவன்தான், ஊர் சும்மா கூடுதல் தகவல். கமா இல்லையென்றால் தம்பிகள் பல பேர், அதில் ஹனூரில் இருப்பவன் என்று அர்த்தம். அந்தத் துண்டை எடுத்தாலும் யாரைச் சொல்கிறோம் என்பது தெரியுமா, தெரியாதா என்று பார்க்க வேண்டும். இதை என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அந்தத் திமிரில்தான் மேனேஜரிடம் போனேன். "ஒம்போது வருஷமா என் ஃபைல்ல தெய்வா ரெண்டு மூணு தப்புக்கு மேல எடுத்ததில்ல சார். நேத்து வந்த பொண்ணு முப்பத்தெட்டு எடுக்குது. யாருக்கு இங்கிலீஷ் தெரியலன்னு நீங்களே பாருங்க" என்றேன். அவர் நல்ல மனுஷன். சண்டை தீரட்டும் என்று கம்ப்யூட்டர் பிரிவு ஆளைக் கூப்பிட்டு, என் பழைய கோப்புகளைத் திறக்கச் சொன்னார். ஒவ்வொரு கோப்பையும் யார் எப்போது மாற்றினார்கள் என்பது கம்ப்யூட்டருக்குள்ளேயே பதிவாகியிருக்குமாம். எனக்கு அது தெரியாது. உனக்கும் தெரிந்திருக்காது.

ஐந்தேகால் கம்பெனி பஸ்ஸில் நான் விஜயநகருக்குக் கிளம்பிவிடுவேன் என்பது வாசலில் நிற்கிற செக்யூரிட்டிக்குக்கூடத் தெரியும். திரையில் என் பெயர்தான் வரிசையாக வந்தது: ஐந்து நாற்பது, சரோஜா. ஆறு பத்து, சரோஜா. ஆறு இருபது, சரோஜா. நாள் தவறாமல், வருஷக்கணக்கில். "மேடம், அந்த டைம்ல நீங்க ஆபீஸ்லயா இருந்தீங்க?" என்று மேனேஜர் கேட்டார்.

என் பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதிக் கீபோர்டுக்கு அடியில் வைத்தது நான்தான். அவசரம் என்றால் திறந்துகொள் என்று சொன்னதும் நான்தான். நீ என்ன செய்திருக்கிறாய்? நான் பஸ் ஏறியதும் என் இடத்தில் உட்கார்ந்து, என் பெயரிலேயே என் தப்புகளை எல்லாம் திருத்திவிட்டு, பிறகு உன் இடத்துக்குப் போய் இரண்டாம் பார்வையில் கண்டதாக ஒன்றிரண்டை மட்டும் காட்டியிருக்கிறாய். சந்தேகம் வரக்கூடாதே என்று அந்த இரண்டு மூன்றை விட்டுவைத்தாய், இல்லையா?

அவர் ஒரு பழைய பக்கத்தைத் திறந்தார். 'சிறுநீரகக் கோளாறு உள்ள நோயாளிகளுக்கு இந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது' என்ற வாக்கியம். நடுவில் நான் இரண்டு கமா போட்டு, நோயாளிகள் எல்லோருக்குமே சிறுநீரகக் கோளாறு, அதனால் யாருக்குமே கொடுக்காதே என்று ஆக்கி வைத்திருந்தேன். ஐந்து நாற்பத்தாறுக்கு நீ இரண்டையும் எடுத்திருக்கிறாய். மனசுக்குள் படித்துப் பார்த்து, மூச்சு நிற்கிற இடத்தில் கமா வைப்பது என் பழக்கம். விதி வாயில் இருந்தது, கை மூச்சைத்தான் கேட்டது. நீ இருந்தவரை அது எனக்கே தெரியவில்லை.

"அக்கா, நீங்க கெளம்புங்க. நா அர மணி கழிச்சு வாரனுங்க" என்பாய் தினமும். "யாருடி அந்த மாப்பிள்ளை, ஆறு மணிக்கு மேலதான் போன் பண்ணுவானா?" என்று நான் கேலி செய்வேன். நீயும் வெட்கப்பட்ட மாதிரி சிரிப்பாயே, கள்ளி.

ஏன் ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்த்து, இது தப்பு அக்கா என்று சொல்லவில்லை? இதைக் கேட்டுவிட்டு எனக்கே நம் ஆபீஸ் ரகு ஞாபகம் வந்தான். மீட்டிங்கில் என் தப்பு ஒன்றை எடுத்துச் சொன்னதற்காக இரண்டு மாசம் அவனோடு பேசாமல் இருந்தேன். கேன்டீனில் அவன் உட்கார்ந்த மேசையில்கூட உட்காரவில்லை. நீ பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாய். சொல்லியிருந்தால் உன்னையும் அப்படித்தான் ஒதுக்கியிருப்பேன். அது எனக்குத் தெரிகிறது, அதுதான் தாங்கவில்லை.

இதற்கு மேல் நான் செய்தது இன்னும் மோசம். மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு, "அவங்க இப்ப இல்ல மேடம். பர்மிஷன் இல்லாம உங்க லாகின ஓபன் பண்ணாங்கன்னு மேலிடத்துக்குப் போற ரிப்போர்ட்ல எழுதிட்டா விஷயம் முடிஞ்சுது. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. புதுசா வர்றவங்களுக்கு ட்ரெயினிங் நீங்களே எடுக்கலாம்" என்றார். அந்தப் பதவிக்கு நான் எத்தனை வருஷமாகக் காத்திருந்தேன் என்பது உனக்குத்தான் தெரியும். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றேன். யோசிக்க என்ன இருந்தது? வீட்டுக்கு வந்து சாம்பாருக்குப் பருப்பு வேகவைத்தபடி, செத்தவளுக்கு என்ன நஷ்டம் என்றுகூட நினைத்தேன். ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அந்த ரிப்போர்ட் என் மேசைக்கே வந்தது. யாரும் வேண்டுமென்று அனுப்பவில்லை. நம் ஆபீஸிலிருந்து வெளியே போகிற எந்த ஆங்கிலத் தாளும் முதல் பார்வைக்கு என்னிடம்தானே வரும்? மேனேஜரின் உதவியாளர் வழக்கம்போலப் பட்டியலில் போட்டுவிட்டார். தெய்வானை என்ற உன் பெயர், பக்கத்தில் மோசடி என்ற சொல். அதில் எழுத்துப்பிழை பார்த்து, கமாவைச் சரி செய்து, 'முதல் பார்வை: சரோஜா' என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

என்னால் முடியவில்லை, கண்ணு. முழுதையும் அழித்துவிட்டு நானே எழுதினேன். பாஸ்வேர்டைக் கொடுத்தது நான், தப்புகள் என்னுடையவை, திருத்தியவள் தெய்வானை, ஒன்பது வருஷமும். அரைப் பக்கம்கூட வரவில்லை. வழக்கப்படி இரண்டாம் பார்வைக்குப் பவித்ராவிடம் அனுப்பினேன்.

பத்து நிமிஷம் கழித்து அவள் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "பேஜாரு மாட்கோபேடி மேடம்" என்றாள், வருத்தப்படாதீங்க என்று. தாளைக் காட்டினாள். அதிலும் மூன்று கமா தப்பு. என் காது சூடாவது எனக்கே தெரிந்தது. ஆனாலும் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா, ஒண்ணொண்ணா சொல்லு" என்றேன். அவள் கன்னடத்தில் சொன்னாள், நான் திருத்தினேன். நீ எத்தனை சாயங்காலம் இப்படி என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

ட்ரெயினிங் எனக்கு இல்லை என்றாகிவிட்டது. ஆறு மாசத்துக்கு என் கோப்புகளை இரண்டு பேர் பார்ப்பார்கள். மேனேஜருக்கு என்மேல் வருத்தம், ரிப்போர்ட்டை மட்டும் நான் எழுதியபடியே அனுப்பிவிட்டார். ரகு கேன்டீனில் என்னைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டான்.

நேற்று உன் அம்மா போன் செய்தார்கள். ஆபீஸில் உன்னைப் பற்றி நல்லவிதமாக ஒரு லெட்டர் தருவார்களா என்று கேட்டுவிட்டு, "எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்களே. எங்கக்கா இல்லீன்னா எனக்கு ஒரு கமா வெக்கத் தெரியாதும்மான்னு எப்பப் பாத்தாலும் சொல்லுமுங்க எம்புள்ள" என்றார்கள். வீட்டிலும் நீ அப்படியேதான் சொல்லி வைத்திருக்கிறாய்.

போனில் சொல்கிற விஷயமில்லை இது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் உங்கள் ஊர் ஹனூருக்கு வருகிறேன். உன் அம்மா முன்னால் உட்கார்ந்து அந்த அரைப் பக்கத்தைத் தமிழில் சொல்லப்போகிறேன், ஒரு வரி விடாமல். எனக்குச் சொல்லிக் கொடுத்தது உங்கள் மகள் என்று என் வாயால் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

நீ கடைசிவரை பயந்த,
உன் சரோஜா அக்கா