ஏழாவது கேள்விக்கு அரைப் பக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நடந்த எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன், என் தப்பையும் சேர்த்து. போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே நின்று, "எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லு" என்று கண்ணைக் காட்டுவார். அதனால்தான் கடிதம்.

நாங்கள் மூவரும் நலம். நீங்கள் கவனித்துக்கொள்ளும் பெரியவருக்கு இடுப்பு வலி குறைந்ததா? அவரைத் தூக்கி உட்காரவைக்கும் உங்களுக்குக் குறைந்ததா? அதை நீங்கள் எழுதுவதே இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சான்றிதழ் இல்லாத வயர்மேன் இனிமேல் கனெக்ஷன் கொடுக்கக் கூடாது என்று கான்டிராக்டர் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருடம் வயரிங் செய்த அப்பா, மூன்று மாதமாகச் சுவரை வெட்டிப் பைப் பதிக்கிறார். அப்பாவிடமே தொழில் கற்ற சுருட்டை மாமா இப்போது, "அண்ணே, ஏணியைக் கொஞ்சம் புடிங்க" என்கிறாராம். அப்பா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்து முடித்ததும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

அப்போதுதான் தொழிற்பயிற்சி நிலையத்தின் அறிவிப்பைப் பார்த்தோம். நாற்பது வயதைத் தாண்டித் திரும்பப் படிக்க வருகிறவர்களுக்கு உதவித்தொகை. கட்டணம் கிடையாது, வீட்டுச் செலவுக்கும் மாதாமாதம் கொடுப்பார்கள். சான்றிதழ் வந்தால் அப்பா சூப்பர்வைசராகவே ஆகலாம். ஒரே ஒரு வருடம், அம்மா. அதற்குப் பிறகு நீங்கள் அங்கே வெளிநாட்டில் இருக்க வேண்டிய அவசியமில்லை.

விண்ணப்பத்தில் ஏழாவது கேள்வி: படிப்பை ஏன் நிறுத்தினீர்கள், இப்போது ஏன் தொடர விரும்புகிறீர்கள்? அப்பா ஒரு துண்டுத்தாளில், "அப்போ விட்டுட்டேன். இப்போ வேணும்" என்று எழுதி, "இதைக் கொஞ்சம் நல்லா எழுதிக் குடு" என்றார். நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். சோகம் இருந்தால்தான் பரிசு கிடைக்கும் என்பது கட்டுரைப் போட்டிகளில் என் அனுபவம். அதனால் அப்பாவின் பதினேழாவது வயதில் தாத்தாவைச் சாகடித்துவிட்டேன். அடைமழையும் நனைந்த பாடப்புத்தகமும்கூட இருந்தன. நான் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று அப்பா படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை நேர்காணல். துணைக்கு வருகிறேன் என்று தாத்தாவும் கிளம்பிவிட்டார். நாங்கள் இருவரும் வெளியே பெஞ்சில் இருந்தோம். கண்ணாடிக் கதவு சரியாக மூடாததால் உள்ளே பேசியதெல்லாம் கேட்டது. கேள்வி கேட்ட மூன்று பேரில் நடுவில் இருந்த மேடம் குரலைத் தாழ்த்தி, "உங்கப்பா தவறினப்போ உங்களுக்குச் சின்ன வயசுல்ல?" என்று கேட்டார். அப்பா விழித்தார். "எங்கப்பாவா? அவரு வெளியே டீ குடிச்சிட்டிருக்காருங்க" என்றார். உடனே தாத்தா தன் பழைய கண்டக்டர் குரலில், "யாருடா தவறினது?" என்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்று இருந்தது எனக்கு. மேடம் அந்தத் தாளை நீட்ட, அப்பா முழுவதும் படித்துவிட்டுக் கண்ணாடிக் கதவு வழியாக என்னைப் பார்த்தார். என்னைக் கை காட்டியிருக்கலாம். காட்டவில்லை. "கையெழுத்து என்னுதுங்க. தப்பும் என்னுதுதான்" என்றார். அப்படியானால் உண்மை என்ன என்று கேட்டார்கள்.

அப்பா தரையைப் பார்த்துச் சொன்னார். அந்தக் காலத்தில் எலக்ட்ரீஷியன் வகுப்பில் ஒரு பாடம்: மாடிப்படிக்கு மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச், நடுவே ஒரு விளக்கு. அதைப் படமாக வரைய அவருக்கு வரவில்லையாம். வாத்தியார் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, "இவன் வயரிங் பண்ற வீட்டுக்கு யாரும் குடி போயிடாதீங்க" என்றாராம். வகுப்பே சிரித்ததாம். மறுநாள் அப்பா போகவில்லை. ஃபீஸ் கட்டாததால் வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டாராம்.

தாத்தா டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டார். பஸ் ஏறினால் நடத்துநருக்கே பாடம் எடுப்பவர், திரும்பும் வழியெல்லாம் வாயே திறக்கவில்லை. வீட்டு வாசலில் வைத்துத்தான், "என்னால கட்ட முடியாமத்தான் நீ நின்னேன்னு இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேனேடா" என்றார். அதிலிருந்து இருவரும் என் வழியாகத்தான் பேசுகிறார்கள். "சோப்பு எங்கன்னு உங்கப்பன்கிட்ட கேளு" என்கிறார் தாத்தா. அப்பா சோப்புடன் எதிரிலேயே நிற்கிறார்.

மேடம் நல்லவர். விண்ணப்பத்தைத் தள்ளிவிடவில்லை. இங்கே சொன்னதையே சொந்தக் கையால் அரைப் பக்கம் எழுதி, திங்கள்கிழமை பத்து மணிக்குள் கொடுத்தால் போதும், அழகாக இருக்க வேண்டாம் என்றார்.

இன்று ஞாயிறு. இன்னும் ஒரு எழுத்துக்கூட இல்லை. வியாழன் சாயங்காலம் வீட்டு சுவிட்சுகளை எல்லாம் கழற்றி மாட்டினார். வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு காலிங் பெல்லைப் பிரித்தார். நேற்று நன்றாக ஓடிக்கொண்டிருந்த நம் மிக்ஸியைப் பழுது பார்த்தார், இப்போது ஓடவில்லை. மேஜையைத் தாண்டும்போதெல்லாம் அந்த வெள்ளைத் தாளை ஒருமுறை திருப்பி வைக்கிறார். நான் எழுதித் தருகிறேன், பார்த்து எழுதுங்கள் என்றதற்கு, "நீ எழுதினது போதும் தாயே" என்று கும்பிட்டார்.

நேற்று தானாகவே, "ட்ராயிங் இன்னும் இருக்குமா?" என்று கேட்டார். வாரத்துக்கு இரண்டு வகுப்பு என்று சொல்லிவிட்டேன். மறைத்திருக்கலாம். ஆனால் பொய் சொல்வதைப் புதன்கிழமையோடு விட்டுவிட்டேன்.

இது உங்கள் கையில் கிடைக்கும்போது திங்கள் போய்விட்டிருக்கும். அப்பா கொடுக்காமல் விட்டால், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று போனில் சொல்வார். நீங்கள், "பரவாயில்லைங்க" என்பீர்கள். அம்மா, இந்த ஒரு தடவை அதைச் சொல்லாதீர்கள். விமான நிலையத்தில் நீங்கள் இருவரும் மாற்றி மாற்றி அதைத்தான் சொன்னீர்கள். நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். இப்போதாவது கோபப்படுங்கள். அங்கே இன்னும் இரண்டு வருட வேலை ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துக் கேட்டால், பதில் சொல்ல நாள் கேளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள மகள்

பி.கு: மணி ஏழு. தாத்தா இப்போதுதான் நேராக அப்பாவிடமே, "எழுதுடா. நான் பாக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்பா மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். யாராவது பார்த்தால் எழுத வராதாம். என்னைக் கூடத்துக்குத் துரத்திவிட்டார். இங்கிருந்தும் அவர் தோள் தெரிகிறது என்று சொன்னேன். எழுந்து வந்து கூடத்து விளக்கை அணைத்துவிட்டார். உள்ளே இருந்து வரும் வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன், தோள் இன்னும் தெரிகிறது.