பெரிய வெள்ளியன்று தாங்கியில் வந்தவர்

பண்டத்தரிப்பு,
28.04.2025

தம்பி குகதாசன் அறிவது,

எங்கள் வீட்டுக் கடிதங்கள் கர்த்தரின் பெயரோடுதான் தொடங்கும். நீர் சைவப் பிள்ளை என்பதால் சுகம் விசாரித்துத் தொடங்குகிறேன். சுகமாக இருக்கிறீரா? நேரத்துக்குச் சாப்பிடுகிறீரா? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மற்றப்படி எனக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதத்தான் ஆசை.

நான் ஜொனதனின் தாய், நவமணி எட்வேர்ட். உம்முடைய குரலை நான் கேட்டதில்லை. ஆனால் பதினொரு ஞாயிற்றுக்கிழமைகளாக நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சண்டை பிடித்திருக்கிறோம். பதறாதேயும். கடிதத்தைக் கிழித்துப் போடாமல் கடைசிவரை வாசியும். நான் கேட்பது ஒன்றுதான். என் மகன் எங்கே?

வட்ஸ்அப்பில் கேட்காமல் ஏன் கடிதம் போடுகிறேன் என்று யோசிப்பீர். வட்ஸ்அப்பில் கேட்டால் அம்மா நான் நல்ல சுகம் என்று பதில் வரும். அதை எழுதுகிற விரல் யாருடையது என்று எனக்குத் தெரியாது. முப்பத்தொரு வருசம் தபால் கந்தோரில் இருந்தவள் நான். பதிவுத் தபால் என்றால் பெயருக்குரியவர் கையெழுத்து வைத்துத்தான் வாங்கவேண்டும். போன வருசம் உங்கள் இரண்டு பேருக்கும் பிரான்சுக்கு ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் அனுப்பினபோது, தான் வேலைக்குப் போய்விடுவேன், குகதாசன் வீட்டில் நிற்பான், அவன் பெயருக்கே போடுங்கோ என்று ஜொனதன்தான் இந்த விலாசத்தைத் தந்தான்.

இந்த வயதில் இந்த மனிசிக்குக் கொம்பியூட்டரில் என்ன யுத்தத் தாங்கி விளையாட்டு என்று நீரும் அவனும் அறையில் இருந்து சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். பக்கத்து வீட்டு ஞானாம்பிகை, நவமணி அக்காவுக்கு விசர் பிடித்துவிட்டது என்று மருதனார்மடம் சந்தை வரைக்கும் சொல்லிவிட்டாள். அவனுடைய அப்பா போய்ச் சேர்ந்து இரண்டு வருசம். அதற்குப் பிறகு ஜொனதன் ரெலிபோன் எடுத்தால், சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா என்று கேட்பான். நானும் அதையே திருப்பிக் கேட்பேன். பிறகு இரண்டு பேரிடமும் கதைக்க ஒன்றும் இருக்காது. அப்போதுதான் தன்னுடைய பழைய கொம்பியூட்டரைத் தூசு தட்டச் சொல்லி, விளையாட வரச் சொன்னான். இந்த வீதியால் உண்மையான தாங்கி போனபோது யன்னல் கண்ணாடி நடுங்கினதைக் கண்டவள் நான். உன்னுடைய தாங்கியின் சத்தம் ஒரு சத்தமே இல்லையடா என்று சொன்னேன். ஆனாலும் போனேன். சுடுகிற நேரத்துக்கிடையில் அவன் கதைப்பான். வேலையில் யார் ஏசினது, என்ன சமைத்தது என்று எல்லாம் அப்போதுதான் வாயில் வரும்.

எனக்கு ஒரு தடித்த ஜெர்மன் தாங்கியைத் தந்தான். தனக்கு அந்தப் பிரெஞ்சுத் தாங்கியை வைத்துக்கொண்டான். அதைப் பற்றி அவன் எனக்குப் படிப்பித்தது ஒரு வருசப் பாடம். கனரகத் தாங்கி என்று பெயர்தானே தவிர, தோல் தகரம். யார் அடித்தாலும் உள்ளே இறங்கும். உயரம் வேறு, மதிலுக்குப் பின்னால் ஒளித்தாலும் தலை தெரியும். ஆனால் அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அது ஓடுகிற ஓட்டம் இருக்கிறதே, என்னுடையது அதற்குப் பின்னால் மாட்டுவண்டிதான். மற்றவன் ஒரு குண்டு போட்டு அடுத்ததை நிரப்புவதற்குள் அது நாலையும் அடுத்தடுத்து இறக்கிவிடும். எதிரில் நின்றவனின் கதை முடிந்தது. வினை அதற்குப் பிறகுதான். நாலும் தீர்ந்தால் திரும்ப நிரப்ப அரை நிமிசம் வேண்டும். அந்த அரை நிமிசம் அது வெறும் வண்டி, ஒரு சின்னத் தாங்கி வந்தாலும் சாகும்.

ஜொனதன் அதற்கென்றே பிறந்தவன் போல ஓட்டுவான். மூன்று குண்டு போட்டு ஒன்றை மிச்சம் பிடிப்பான். உடனே பின்வாங்கிக் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடுவான். நான் நடுவெளியில் நின்று அடி வாங்கினாலும் வரமாட்டான். அம்மா, உங்கடை தோல் தாங்கும் என்பான். சின்ன வயதிலிருந்தே அவன் கவனமான பிள்ளை.

தை மாதத்தோடு அவன் குரல் நின்றது. மைக் பழுது என்று எழுதினான். அதற்குப் பிறகும் மூன்று ஞாயிறு வாய் திறக்காமல் வந்து விளையாடினான். அது அவனுடைய ஆட்டம்தான். நாலாவது ஞாயிறு, அதே பெயர், அதே தாங்கி, நாலு குண்டையும் படபடவென்று கொட்டிவிட்டு அந்த இடத்திலேயே நின்றது. ஒரு சின்னத் தாங்கி சுற்றி வந்து அடித்து முடித்தது. அடுத்த ஆட்டமும் அப்படித்தான். களைப்பாக இருக்கும் என்று என்னையே ஏமாற்றப் பார்த்தேன். அடுத்த கிழமை ஒரு படம் வந்தது, பனிக்குள் நின்று சிரிக்கிறான். அன்றைக்கு அந்த ஊரில் பதினெட்டுப் பாகை வெயில் என்று நான் பார்த்துவிட்டேன். பழைய படம். தபால் கந்தோரில் இருந்தவளுக்கே பழைய முத்திரையை ஒட்டி அனுப்புகிறீரா, தம்பி?

அப்போது ஒரு பொறி வைத்தேன். எங்கள் வீட்டில் லெந்து, அதுதான் உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின தவக்காலம், அந்த நாற்பது நாளும் ஆளுக்கு ஒன்றை விடுவோம். அவனுடைய அப்பா தேத்தண்ணியை விடுவார். ஜொனதன் ஆறு வயதில் ஐஸ்கிறீமை விட்டான், பிறகு கிரிக்கெட், இப்போது இந்த விளையாட்டு. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கணக்கில் வராது என்று போதகர் சொல்லுவார். எங்கள் வீட்டில் அந்தச் சலுகை செல்லாது. போன வருசம் லெந்து தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முதல் நாள், அம்மா உயிர்த்த ஞாயிறன்று சந்திப்பம் என்று அவனாகவே எழுதினான். இந்த வருசம் நான் மூச்சு விடவில்லை. லெந்தின் முதல் ஞாயிறு மூன்று மணிக்குக் கொம்பியூட்டரைப் போட்டால், ஆள் நிற்கிறார், வாங்கோ அம்மா என்று எழுதிக் கூப்பிடுகிறார். உம்மைப் பிடிக்க நானும் லெந்தை முறித்தேன். அதை நானும் ஆண்டவரும் பார்த்துக்கொள்ளுவோம். கடைசியில் பெரிய வெள்ளியன்று மும்மணி ஆராதனை முடிந்து வந்து, வெள்ளைச் சீலையைக் கூட மாற்றாமல் பார்த்தேன். லீவு நாள்தானே, விளையாடுவமா என்று எழுதியிருந்தீர். பெரிய வெள்ளியை லீவு நாள் என்று என் வயிற்றில் பிறந்தவன் எழுதமாட்டான்.

உயிர்த்த ஞாயிறு முடிந்த செவ்வாய்க்கிழமை மீசாலைக்கு, உம்முடைய வீட்டுக்குப் போனேன். கோபிக்காதேயும். பிரான்சில் இருக்கிற குகதாசன் வீடு என்று கேட்டதும் கடைக்காரரே கூட்டிக்கொண்டுபோய் விட்டார். உம்மோடு வேலை செய்கிற ஒருவருக்குச் சொந்தக்காரி, பார்சல் போகிறது, ஏதும் கொடுத்துவிடுகிறீர்களா என்று பச்சைப் பொய் சொன்னேன். உம்முடைய அம்மா செல்வநாயகி வெள்ளை மனசுக்காரி. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வெட்டித் தந்து, உம்மைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார். அறையில் எத்தனை பேர் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"இப்ப தனியத்தான் இருக்கிறான் அக்கா. மற்றப் பெடியன் மாசியிலை வெளிக்கிட்டுப் போட்டானாம். எங்கை எண்டு கேட்டால் கதையை மாத்திறான்" என்றார்.

அந்த மற்றப் பெடியனின் தாய் நான்தான் என்று சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன்.

உண்மையைச் சொல்லுகிறேன். முதலில் உம்மைக் கள்ளன் என்றுதான் நினைத்தேன். என் பிள்ளைக்கு என்னவோ செய்துவிட்டு அவனுடைய ரெலிபோனை வைத்துக்கொண்டு என்னைப் பேய்க்காட்டுகிறான் என்று நினைத்தேன். பொலிசுக்குப் போகவும் வெளிக்கிட்டேன். பிறகு யோசித்தேன். கள்ளன் ஏன் ஞாயிறு தவறாமல் வந்து ஒரு கிழவியோடு இரண்டு மணித்தியாலம் மினக்கெடவேண்டும்? அதோடு, நீர் விளையாடுகிற விதம். குண்டு தீர்ந்து வெறும் வண்டியாக நிற்கிற நேரம் பார்த்து எனக்கு முன்னால் வந்து குறுக்கே நிற்கிறீர். எனக்கு வருகிற அடியை அந்தத் தகரத்தில் வாங்குகிறீர். போன ஞாயிறு மட்டும் மூன்று தரம். மடைப்பிள்ளை! தடித்த தோல் எனக்கு, முன்னுக்கு நிற்கவேண்டியது நான். என் மகன் ஒருநாளும் அப்படி நின்றதில்லை. அப்படி நிற்கிறவன் என் பிள்ளைக்குத் தீங்கு செய்திருக்கமாட்டான் என்று அன்றைக்குத்தான் கொஞ்சம் நித்திரை வந்தது.

இன்னொன்றும் எழுதவேண்டும். உமக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் என் கையால் எழுதுகிறேன். என் பெரியம்மாவின் மகன் கிறிஸ்ரோபர் அங்கே உங்களுக்குக் கிட்டத்தான் இருக்கிறான். மார்கழியில் அவனிடம் ஜொனதனைக் கொஞ்சம் பார்க்கச் சொன்னேன். குடிக்கிறானா, யாரும் பெண்பிள்ளையோடு திரிகிறானா, கூட இருக்கிற அந்த மீசாலைப் பெடியன் எப்படிப்பட்டவன் என்று. கிறிஸ்ரோபர் மூன்று நாள் வேலைத்தளத்துக்கு எதிரே போய் நின்றிருக்கிறான். மூன்றாம் நாள் ஜொனதன் கண்டுவிட்டான். பொங்கலுக்கு அடுத்த கிழமை ரெலிபோன் எடுத்தான். சத்தம் போடவில்லை.

"அப்பா போனதிலை இருந்து நீங்கள் எனக்கு அம்மாவா இருக்கேல்லை, பொலிசா இருக்கிறியள்" என்றான்.

நான் அழுதிருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம் என்று கேட்டேன். அவன் வைத்துவிட்டான். அதுதான் நான் கேட்ட கடைசிக் குரல். மைக் பழுது என்று எழுதினது அடுத்த நாள்.

தம்பி, சந்தேகப்பட்டே வளர்ந்த ஆள் நான். மீன்காரனின் தராசையும் நம்பமாட்டேன். ஆனால் இந்த மூன்று மாதமாக நான் எல்லாரையும் சந்தேகப்பட்டுக் களைத்துப்போய்க் கடைசியில் என்னிடமே வந்து நிற்கிறேன்.

அவன் ஆசுப்பத்திரியில் இருந்தால் எனக்கு எழுதும். பொலிசில் பிடிபட்டிருந்தாலும் எழுதும், நான் ஊருக்குச் சொல்லமாட்டேன். கடல் தாண்டி இங்கிலாந்துக்கு வெளிக்கிட்டு இன்னும் போய்ச் சேரவில்லை என்றாலும் எழுதும். சொல்லக்கூடாது என்று அவன் சத்தியம் வாங்கியிருந்தால், அந்தச் சத்தியத்தை இந்த மூன்றுக்கும் முறிக்கலாம். தாய் கேட்டால் பாவமில்லை.

ஆனால் அவன் கை கால் சுகமாக, வேலைக்குப் போய்க்கொண்டு, வேறொரு அறையில் இருந்துகொண்டு, அம்மாவோடு கதைக்க மனமில்லை, அவ தனிய இருக்கிறா, எனக்குப் பதிலாக நீ போய் ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்ச நேரம் நில் மச்சான் என்று உம்மை அனுப்பியிருந்தால், அதை எனக்கு எழுதவேண்டாம். ஒரு வரியும் எழுதவேண்டாம். வழமைபோல மூன்று மணிக்கு அவனுடைய பெயரில் வாரும். நான் ஒன்றும் கேட்கமாட்டேன், பொறியும் வைக்கமாட்டேன். ஜொனதன் என்றே கூப்பிடுவேன். கிறிஸ்ரோபருக்கு இனி நான் ரெலிபோன் எடுக்கமாட்டேன் என்பதை மட்டும் எப்படியாவது அவன் காதில் போட்டுவிடும்.

கடிதம் போய்ச் சேர இரண்டு கிழமை, பதில் வர இரண்டு கிழமை. வைகாசி முடியும்வரை தபால்காரர் சிமியோனின் சைக்கிள் மணி கேட்டால் நான் படலைக்குப் போகமாட்டேன். அவர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடவேண்டும் என்று உள்ளே இருந்து ஜெபித்துக்கொண்டிருப்பேன்.

உமக்கும் உம்முடைய அம்மாவுக்கும் ஒரு குறையும் வராமல் ஆண்டவர் காக்கட்டும். குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போம்.

இப்படிக்கு,
ஜொனதனின் தாய்
நவமணி எட்வேர்ட்