இடது பக்கம் சாய்ந்த தையல்

ஆகஸ்ட் 6, வியாழன்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, இதற்குமேல் படிக்காமல் மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அம்மாவிடம் காட்டினால் அழுவாள், அவ்வளவுதான். அப்பாவிடம் காட்டினால் நான் தொலைந்தேன்.

இன்று வேதியியல் தேர்வு. சுமார். விஷயம் அதுவல்ல. விரிகுடாவின் அந்தக் கரையில் இருக்கிற சின்னத் துறைமுகத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள் சாப்பாட்டு வேளையில் கேட்டாள்: "உங்க அக்காவுக்கு இது எத்தனாவது மாசம்?" எனக்கே தெரியாது என்று சொல்ல வெட்கம். "ஆச்சு" என்றேன். எது ஆச்சு? மடச்சி.

அக்கா வீட்டை விட்டுப் போய் ஒன்றரை வருஷம். அப்பா படகுகளுக்குப் பாய் தைப்பவர். மோட்டார் சத்தம் கேட்டாலே அவர் முகம் மாறும். அக்கா கட்டிக்கொண்டதோ அந்தக் கரைத் துறைமுகத்து மோட்டார் மெக்கானிக்கை. அன்று அப்பா சொன்னது ஒன்றுதான்: "அங்க கால் வைக்கிறவங்க திரும்ப இங்க கால் வைக்க வேணாம்." அதற்கப்புறம் 'பெரியவ' என்ற பேச்சே இந்த வீட்டில் இல்லை. நான் மட்டும் இன்னும் 'சின்னவ'.

ஆகஸ்ட் 7, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் பாய்த்துணி வாங்க வெளியூர் போகிறார்கள். திரும்ப இருட்டிவிடும். அக்காவைப் பார்க்க பஸ்ஸில் போகலாமென்றால் டிரைவர், கண்டக்டர் எல்லாருக்கும் அப்பாவைத் தெரியும். படகு யாரிடமும் போய்ச் சொல்லாது. சின்னப் படகைத் தனியாக எடுக்க எனக்கு அனுமதி உண்டு, ஆனால் விளக்குப் பாறை வரைக்கும்தான். பாறையைத் தாண்டினதே இல்லை.

ஆகஸ்ட் 8, சனி

போக வேண்டாம். போகத்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

போனேன். வந்தும்விட்டேன். கயிறு இழுத்து உள்ளங்கையெல்லாம் எரிகிறது, பேனா பிடிக்க முடியவில்லை.

அப்பாவும் அம்மாவும் கிளம்பின உடனே பாயை ஏற்றினேன். கரைக்காற்று முதுகில் தள்ளியது. பாறை வரைக்கும் ஒன்றுமில்லை. அதைத் தாண்டியதும் தண்ணீரின் நிறமே வேறு. படகை ஒவ்வொரு அலையும் தூக்கி, கொஞ்சம் யோசித்து, அப்புறம் இறக்கியது. பயத்தில் தனிமங்களை வரிசையாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஆர்கான் வந்தபோது காற்று நின்றுவிட்டது. பாய் தொங்கிப்போனது. சுக்கானை எந்தப் பக்கம் திருப்பினாலும் படகு கேட்கவில்லை. சுற்றிலும் யாருமில்லை. கொண்டுபோன ரொட்டியைத் தின்றேன். பசியில்லை, வேறென்ன செய்வது? பிறகு பக்கவாட்டில் காற்று எழுந்தது, அதுவும் தேவைக்கு மேலேயே.

அந்த வேகத்தில்தான் துறைக்குள் நுழைந்தேன். பாயை முன்னாடியே இறக்கியிருக்க வேண்டும். தெரியும், ஆனாலும் கை வரவில்லை. படகு கட்டுகிற மேடையின் மரக்கம்பத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கொக்கி பாயைப் பிடித்துக் கிழித்தது, ஒரு முழத்துக்கு. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் எட்டிக் கயிற்றைப் பிடித்தார். "பாப்பா, மெதுவா. எங்க ஊருக்கு இருக்கறது இந்த ஒரு மேடைதான்." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஊர் என்றால் ஒரே தெரு. ஐஸ் தயாரிக்கும் கூடம், அதன் வாசலில் எப்போதும் ஈரம். கயிற்றுக் கடை. முடி வெட்டும் கடையில் வெட்டுகிறவரே நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். தெருவின் கடைசியில் எண்ணெய்க் கறை படிந்த தரையோடு மோட்டார் பட்டறை. அதற்கு மேலே, செங்குத்தான இரும்புப் படி ஏறினால் ஒரே அறை. அதுதான் அக்கா வீடு.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்க்கவில்லை, என் பின்னால் பார்த்தாள். "யார் கூட வந்தே?"

"தனியா. படகுல."

"பாறையைத் தாண்டியா? அடிப்பாவி!" என்று முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் கட்டிக்கொண்டாள். அவள் வயிறு நடுவில் இடித்தது. ஏழு மாசம்.

அக்கா வீட்டுக்காரரை என்னவென்று கூப்பிடுவது? மாமாவா? வாயில் வரவில்லை. கடைசிவரைக்கும் "இங்க பாருங்க" என்றே சமாளித்தேன். பாய் கிழிந்ததைக் கேட்டுவிட்டு அவர், "நம்ம மோட்டார் படகுல கட்டி இழுத்துட்டுப் போய் விட்டுடறேனே" என்றார்.

"எங்கப்பா தச்ச பாய். மோட்டார் பின்னாடி போறதுன்னா வெக்கத்துல மிச்சமும் கிழிஞ்சிடும்" என்றாள் அக்கா. ஊசியும் மெழுகு நூலும் எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டாள். அங்கேயே பாயை மடியில் போட்டுத் தைத்தாள். இரண்டு தடவை நிறுத்தி, பின்னால் சாய்ந்து மூச்சு வாங்கினாள். எனக்குத் தைக்கத் தெரியும், நான் தைக்கிறேன் என்றால், "நீ தச்சா பாறை வரைக்கும் கூடத் தாங்காது. சும்மா இரு" என்றாள்.

கிளம்பும்போது கேட்டாள், கயிற்றை அவிழ்த்துக்கொண்டே: "அந்த நேரத்துக்கு அம்மா வருவாங்களாடி?" நான் பதில் சொல்வதற்குள், "விடு. சும்மா கேட்டேன். நீ போய் எதையும் உளறி வைக்காதே."

கடற்காற்றில் வந்தேன். தையல் கொஞ்சமும் அசையவில்லை. அவர்கள் வருவதற்குள் பாயைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டேன். யாருக்கும் தெரியாது.

ஆகஸ்ட் 10, திங்கள்

கணக்கு வகுப்பில் முன்வரிசைக்காரி இடது கையால் எழுதுவதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அக்காவும் இடது கை. அவள் தையல் இடது பக்கம் சாயும். எங்கள் பட்டறையில் அப்படித் தைக்கிறவர்கள் வேறு யாருமில்லை. அப்பாவுக்கு அது அவள் முகம் மாதிரி.

ஐயோ.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

கத்தரிக்கோல் எடுத்துக்கொண்டு போனேன், பிரித்துவிட்டு நானே தைக்கலாம் என்று. முடியவில்லை. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு தைத்தது. எப்படி வெட்டுவேன்?

ஆகஸ்ட் 12, புதன்

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எல்லாப் பாய்களும் வெயிலில் விரிந்து கிடக்கின்றன. அப்பா அந்தப் பாயின் முன்னால் குந்தியிருந்தார்.

"இது எப்ப கிழிஞ்சுது?"

"ஞாயித்துக்கிழமை. பாறைகிட்ட."

"யார் தச்சது?"

"நான்தான்பா."

ஒரு துண்டுத் துணியும் ஊசியும் நூலும் கொடுத்தார். "இதே மாதிரி இன்னொன்னு தை, பாப்போம்." உட்கார்ந்து தைத்தேன். இடது கைக்கு மாற்றிப் பார்த்தேன், ஊசி விரலில் ஏறியது. கடைசியில் என் தையல் எப்போதும் போல வலது பக்கம்தான் சாய்ந்தது. துண்டை வாங்கி, பாயின் மேல், அந்தத் தையலுக்குப் பக்கத்தில் வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கட்டைவிரலால் ஒரு தடவை தடவினார்.

"விரல்ல ரத்தம் வருது. கழுவிட்டு வந்து சாப்பிடு."

அவ்வளவுதான். ஏன் திட்டவில்லை? திட்டினால்கூடத் தேவலை. வேறு யார் தைத்தது கண்ணில் பட்டாலும் உடனே பிரித்துத் தானே தைப்பது அவர் வழக்கம். இதைப் பிரிக்கவில்லை. நாளைக்குப் பிரிப்பாரோ? என்னை வெளியே போகச் சொல்வாரோ?

ஆகஸ்ட் 13, வியாழன்

இன்னும் பிரிக்கவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "நடுவுல ரெண்டு இடத்துல நூல் தளர்ந்திருக்கு. பெரியவ அப்படி விடமாட்டாளே. கை சுகமில்லையா அவளுக்கு?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அக்கா சொல்லாதே என்றாள், தெரியும். ஆனால் அவர் கேட்டது அவளைப் பற்றி. எப்படிச் சும்மா இருப்பேன்?

"குனிஞ்சு தைக்க முடியலப்பா. வயிறு இடிக்குது. ஏழு மாசம்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார், பட்டறைக்குப் போய்விட்டார். நான் இங்கே வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

அடுப்படியில் அம்மா டப்பாக்களைத் திறந்து மூடுகிற சத்தம் மட்டும். என்ன தேடுகிறாள் இந்நேரத்தில்? நான் சொல்லியிருக்கக் கூடாதோ? அக்காவுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையையும் கெடுத்துவிட்டேனா? பட்டறைக் கதவு சாத்துகிறது. காலடி. இந்தப் பக்கம்தான்.

கதவைத் தட்டுகிறார். திறக்கவில்லை. வெளியிலிருந்தே பேசுகிறார்:

"சின்னவளே, முழிச்சிட்டுதானே இருக்கே? அவ வீட்டுக்குப் படி ஏறணுமா? உங்கம்மாவுக்கு முட்டி ஒத்துக்காது, அதான் கேக்கறேன்."