ஐநூற்றியொன்றில் போன ஒன்று

பிப்ரவரி 4, செவ்வாய்

பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். டிக்கெட் இல்லை, அதனால் சில்லறையும் இல்லை. இன்றும் அந்தப் பஸ்ஸை விட்டுவிட்டு, பின்னால் வந்த காசு வாங்கும் பஸ்ஸில் ஏறி ஐம்பது ரூபாயை நீட்டினேன். மீதியில் வந்ததெல்லாம் பளபளக்கும் புதுக் காசு. இந்த லட்சணத்துக்கு நாகமலை புதுக்கோட்டை வரை நின்றுகொண்டு வேறு போனேன்.

மதியம் பேங்கில் கேஷியர் பால்பாண்டி ஒரு பாக்கெட்டைத் தள்ளினார். நூறு ஒரு ரூபாய். "ஊரே காசு வேணாம்னு கொண்டாந்து கட்டுது. நீங்க ஒருத்தர்தான்க்கா தேடி வந்து வாங்குறீக." வீட்டில் கொட்டிப் பார்த்தேன். பழைய பெரிய காசு இரண்டே இரண்டு, இரண்டும் என்னிடம் இருப்பவை.

வேண்டியதை விலைக்கு வாங்கிவிடலாமே என்கிறார் என் வீட்டுக்காரர் சாய்ராம். பழைய காசு சேர்க்கும் இந்த விளையாட்டில் விலைக்கு வாங்குவது கிடையாது. காசு தானாக, சில்லறையாக, நம் கைக்கு வர வேண்டும். பதினொரு வருஷமாகச் சொல்கிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கிடைத்துவிட்டது. கிடைத்தே விட்டது.

வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் பருத்திப்பால் குடித்தேன். கடைக்கார அக்கா ஜிபே அட்டையைக் காட்டினார். நான் ஐம்பது ரூபாய்த் தாளைக் காட்டினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே டப்பாவைக் கவிழ்த்து அவர் பொறுக்கிக் கொடுத்ததில் ஒரு பெரிய ஒரு ரூபாய். 1985. வருஷத்துக்குக் கீழே கடுகளவு ஒரு H. இங்கிலாந்தில் அடித்து வரவழைத்த காசு! எத்தனை பாக்கெட் பிரித்திருப்பேன் இதற்காக? நானும் எண்பத்தைந்தில் பிறந்தவள்தான். இங்கிலாந்தில் இல்லை, ஆரப்பாளையத்தில்.

சிரிப்பை அடக்க முடியாமல் அங்கேயே நின்று இன்னொரு பருத்திப்பால் குடித்தேன். "நல்லாத்தான இருக்கீக?" என்றார் அந்த அக்கா. ரொம்ப நன்றாக இருக்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 12

மேஜை மேல் தனிக் கிண்ணத்தில் வைத்திருக்கிறேன். காலையிலிருந்து ஒன்பது தடவை எடுத்துப் பார்த்தாயிற்று. H அங்கேயேதான் இருக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

காசு போச்சு.

சாய்ராமின் ஆபீஸ் நண்பர் சோணைமுத்து வீட்டில் மகன் கல்யாணம், வாடிப்பட்டியில். எனக்குக் காய்ச்சல் என்பதால் அவர் மட்டும் போனார். காலை பத்து மணிக்கே திரும்பி வந்து பாயசத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார். நான் மேஜையைப் பார்த்தேன். கிண்ணம் காலி.

"இதுல இருந்த காசு எங்கங்க?"

"அதுவா? ஐநூத்தி ஒண்ணு மொய் எழுதணும், ஒத்த ரூவா இல்ல. எடுத்துட்டுப் போனேன்."

"டப்பா டப்பாவா காசு இருக்கே, அதுல எடுத்தா என்ன?"

"அது ஒன்னோட காசு, தொட்டா கத்துவ. இது தனியாக் கெடந்துச்சு. பெருசா, கனமா இருந்துச்சா, மொய்க்கு மரியாதையா இருக்கும்னு பாத்தேன்."

மரியாதையாம். இந்த மனுசனை என்ன செய்ய? அம்புட்டுக் காசு இருக்க, கை அதுக்குத்தான் போகணுமா? முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் அழுதேன்.

பிப்ரவரி 17

திருப்பிக் கேட்கலாமா? கொடுத்த மொய்யில் ஒரு ரூபாயைக் கேட்டு வந்தாள் ஒருத்தி என்று வாடிப்பட்டியே சிரிக்கும். அப்புறம் சோணைமுத்து முகத்தில் இவர் எப்படி விழிப்பார்?

"நான் வேற தேடித் தாரேன்" என்கிறார். தேடுவாராம்!

பிப்ரவரி 19

காய் நறுக்கும்போது உறைத்தது. ஐநூற்றியொன்று, இருநூற்றியொன்று, நூற்றியொன்று. மொய் எழுதிய ஒவ்வொருவரும் ஒரு ஒற்றை ரூபாய் வைத்திருப்பார்கள். அப்படியானால் அந்த வீட்டில் இப்போது எவ்வளவு காசு கிடக்கும்! திருப்பிக் கேட்க வேண்டாம். மொத்தமாக மாற்றிக்கொண்டு வந்துவிடலாம். கத்தியை வைத்துவிட்டுக் கொஞ்சம் ஆடினேன். யாரும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 22, சனி

இருவரும் வாடிப்பட்டி போனோம். சில்லறை தேவைப்படுகிறது, நோட்டுத் தருகிறோம் என்றோம். சோணைமுத்துவின் மனைவி ராமக்காள் ஒரு பிளாஸ்டிக் வாளியை இழுத்துக்கொண்டு வந்து வைத்தார். கால் வாளிக்குக் காசு. "அள்ளிட்டுப் போ தாயி. கடையில குடுத்தா ஒரு பய வாங்க மாட்டேங்குறான்."

எண்ணி வாங்கி, பணம் கொடுத்து, கிளம்பும்போது குங்குமம் எடுத்துக்கொள்ளச் சொல்லிச் சாமி அலமாரிக்குக் கூட்டிப் போனார். புது மருமகள் தமிழ்ச்செல்வி விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். விளக்குக்கு முன்னால் வெற்றிலை. வெற்றிலை மேல், மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு பெரிய காசு. மஞ்சளுக்கு நடுவே 1985.

"மொத மொய்க் காசு. எங்க வீட்டு வழக்கம், அத மட்டும் செலவழிக்க மாட்டோம். இந்தப் பிள்ளைகளுக்குன்னு சாமிகிட்ட வச்சிருவோம். அண்ணந்தான் மொத ஆளா வந்து எழுதுனாரு. ராசியான கை."

முதல் பந்தியைப் பிடிக்க ஓடியிருக்கிறார் அண்ணன். சாய்ராம் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ்ச்செல்வி தீபத்தை நீட்டினாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு காசை எப்படிக் கேட்பது? கன்னத்தில் போட்டுக்கொண்டு, என் காசை நானே கும்பிட்டேன்.

வாளிக் காசைப் பையில் கட்டி, பஸ்ஸில் அவர் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. நிறுத்த முடியவில்லை. வீட்டில் பேப்பர் விரித்துக் கொட்டி இருவருமாக உட்கார்ந்தோம். தப்புச் செய்தவர் என்பதால் ஒன்று விடாமல் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "மாதங்கி, இங்க வா. வருஷத்துக்குக் கீழ ஒரு புள்ளி இருக்கு" என்றார். எழுந்தே நின்றுவிட்டார்.

புள்ளி என்றால் நொய்டாவில் அடித்தது. தெருவுக்குத் தெரு கிடக்கும். அதைச் சொல்ல மனசு வரவில்லை. "தனியா வைங்க" என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

எங்கள் ஆபீஸ் ஸ்ரீலக்ஷ்மியின் தங்கை கல்யாணம். மொய் எழுத வேண்டியவர் வரவில்லை. "நான் எழுதுறேன்" என்று மொய் நோட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் சாய்ராம். பேரை எழுதும் முன் ஒவ்வொரு ஒற்றை ரூபாயையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். வரிசை மண்டப வாசலைத் தாண்டிவிட்டது. பின்னால் யாரோ சத்தம் போட்டார்கள். மாற்றிப் போட ஒரு பை புதுக் காசோடு நான் பக்கத்திலேயே நின்றேன்.

கடைசிப் பந்தியில்தான் சாப்பிட்டோம். பாயசம் தீர்ந்திருந்தது. அவர் கவனிக்கவே இல்லை.