எடை பார்க்காத குழந்தை

12 ஆகஸ்ட், செவ்வாய்

போன வாரம் நான் தாய்ப்பால் ஆலோசனை சொல்லப் போன செம்பவாங் வீட்டுக் கவிதா இன்று போன் செய்தாள். பிறந்து பத்தே நாளான குழந்தை எடை குறைந்து மருத்துவமனையில் இருக்கிறதாம். ஆபத்தில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார் என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அன்று நான் குழந்தையை எடை பார்க்கவில்லை. மெஷின் என் பையிலேயே இருந்தது. அடுத்துப் போக வேண்டிய வீடு தூரத்தில், கிளமெண்டியில்; நேரமாகிவிட்டது. குழந்தை இரண்டு நிமிடம் குடித்துவிட்டு மார்பிலேயே தூங்கிப்போனது.

"அக்கா, பால் பத்துதா? ஒரு பாட்டில் குடுக்கட்டுமா?" என்று கவிதா கேட்டாள்.

"நல்லா தூங்குது லா. வயிறு நிறைஞ்சிருச்சு. பாட்டிலெல்லாம் வேணாம்" என்றேன்.

பால் பத்தாமல் சோர்ந்த குழந்தையும் அப்படித்தான் தூங்கும். என் வகுப்புக்கு வரும் ஒவ்வொரு தாய்க்கும் இதைச் சொல்பவளே நான்தான்.

இன்று போனில் கவிதா அழுதாள். "நீங்க அவ்ளோ சொல்லிக் குடுத்தும் என்னால முடியல. சாரிக்கா."

தப்பு என்னுடையது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "பரவாயில்லம்மா" என்று அவளை மன்னித்துவிட்டுப் போனை வைத்தேன்.